மூன்று வருடம் கட்டினால் தாபரிப்பு முடிந்துவிடுமா?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறேன். 2011இல் பதிவுத் திருமணம் செய்தோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. கணவர் கொழும்பில் ஹோட்டல் வேலை. 2021இல் சண்டை முற்றி என்னைத் தாய்வீட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) அனுப்பிவிட்டார். அப்போது தோட்டத் தலைவர் முன்னால் ஒரு கடிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 2022இல் நீதவான் நீதிமன்றத்தில் எனக்கு 8,000 ரூபாய், பிள்ளைகளுக்குத் தலா 6,000 ரூபாய் என மாதம் 20,000 ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கட்டளை கிடைத்தது. இப்போது நான்கு மாதமாகக் காசு வரவில்லை. "மூன்று வருடம் கட்டிவிட்டேன், சட்டப்படி அவ்வளவுதான். நீயும் கொழுந்தெடுக்கப் போகிறாய். மொத்தமாக மூன்று இலட்சம் தருகிறேன், டிவோர்சுக்குக் கையெழுத்துப் போடு" என்கிறார். போடலாமா? வேலைக்குப் போனால் செலவுக்காசு நின்றுவிடுமா? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்தது, இந்தப் பதிலை முழுவதும் வாசித்து, ஒரு சட்டத்தரணியிடம் காகிதத்தைக் காட்டும் வரைக்குமாவது போடாதீர்கள்.

மூன்று வருடம் என்ற கதைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மனைவி பிள்ளைகளுக்கான தாபரிப்பை, அதாவது பராமரிப்புப் பணத்தை, இலங்கையில் ஆளுவது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். அதில் மூன்று வருடமோ ஐந்து வருடமோ தவணை குறிக்கப்படவில்லை. வசதியிருந்தும் கணவனோ மனைவியோ மற்றவரைக் கவனிக்காமல் விட்டால், தன்னைத் தானே தாபரிக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு மாதப் பணம் கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். அந்தக் கட்டளை, இன்னொரு கட்டளை வந்து அதை மாற்றும் வரை அல்லது ரத்துச் செய்யும் வரை உயிரோடு இருக்கும். நிலைமை மாறிவிட்டது என்று உங்கள் கணவர் நினைத்தால், அதே நீதிமன்றத்தில் மனுப்போட்டு நிரூபித்துக் குறைக்கவோ நிறுத்தவோ கேட்க வேண்டும். அவராகவே நிறுத்தியது கட்டளையை மீறிய செயல். நான்கு மாதம், 80,000 ரூபாய், அவர் கணக்கில் நிலுவையாக ஏறி நிற்கிறது.

இந்த மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து முளைக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் தோட்டப்புறத்தில் சட்ட அறிவு என்று உலவுவதில் பாதி, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடரும் யூடியூப் காணொளியும் தருவது. அங்குள்ள சட்டம் வேறு. இந்தியாவில் விவாகரத்தான பெண்ணும், மறுமணம் செய்யாதவரை, ஜீவனாம்சச் சட்டத்தின் பார்வையில் "மனைவி" என்ற சொல்லுக்குள் அடங்குவார். ஆகவே அங்குள்ள சட்டத்தரணி ஒருவர் "டிவோர்ஸ் ஆனாலும் கவலைப்படாதீங்க, பிறகும் கேட்கலாம்" என்று சொன்னால் அது அவர் ஊருக்குச் சரி. ஹட்டனில் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டால் நட்டம் உங்களுக்கு. ஏனென்று சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் அதுதான்.

நீங்கள் இப்போது வாங்கும் 8,000 ரூபாய் அவருடைய மனைவி என்ற நிலையில் கிடைத்தது. திருமணம் சட்டப்படி முடிந்த அன்று அந்த நிலையும் முடிகிறது. நீதவான் நீதிமன்றக் கட்டளையில் உங்களுக்குரிய பங்கு அதன் பிறகு நிற்காது. விவாகரத்தான பிறகு புதிதாக அங்கே போய் "எனக்குத் தாபரிப்பு வேண்டும்" என்று கேட்கவும் முடியாது. விவாகரத்துக்குப் பின்னான பணத்தைத் தரவல்லது மாவட்ட நீதிமன்றம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின் கீழ், விவாகரத்துத் தீர்ப்பையோ, திருமணத்தைக் கலைக்காமல் பிரிந்து வாழ அனுமதிக்கும் தீர்ப்பையோ கொடுக்கும்போது, ஒருவர் மற்றவருக்கு ஒரு மொத்தத் தொகை கொடுக்க வேண்டும் என்றோ, மாதாமாதம் அல்லது வருடாவருடம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்றோ, சொத்தில் ஒரு பகுதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றோ அந்த நீதிமன்றம் கட்டளையிடலாம். இதையே நிரந்தர ஜீவனாம்சம் என்கிறார்கள்.

அங்கும் வருடக் கணக்கு இல்லை. மாதப் பணமாக வந்தால், நீதிமன்றம் பின்னர் எந்தக் கட்டத்திலும் அதைக் குறைக்கலாம், கூட்டலாம், தற்காலிகமாக நிறுத்தி மறுபடி தொடரச் சொல்லலாம், முற்றாக நீக்கவும் செய்யலாம். நீங்கள் மறுமணம் செய்தால் அவர் போய்க் கேட்பார், பெரும்பாலும் நீக்கப்படும். அவர் வேலை இழந்து படுக்கையில் விழுந்தாலும் கேட்கலாம். எதுவும் தானாக நிற்பதில்லை, கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். மொத்தத் தொகையாக வாங்கினால் அது அத்தோடு சரி. இரண்டு வருடம் கழித்து விலைவாசி ஏறிவிட்டது என்று திரும்பிப் போவது வீண் அலைச்சல்.

நினைவில் வைக்க வேண்டியது இது: தீர்ப்பாணை எழுதப்படும்போதே பணம் பற்றிய வரி அதற்குள் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் தீர்ப்பாணை முடிந்துவிட்டால் பிறகு கேட்டுப் பெறுவது மிகக் கடினம். மலையகத்தில் பல பெண்கள் இழப்பது இந்த இடத்தில்தான். "டிவோர்ஸ் முதலில் முடியட்டும், காசைப் பிறகு பேசுவோம்" என்ற பேச்சில் அந்தப் பிறகு வருவதே இல்லை.

இனி, "டிவோர்சுக்குக் கையெழுத்துப் போடு" என்கிறாரே, அது என்ன காகிதம்? நமக்குப் பொருந்துகிற பொதுத் திருமணச் சட்டத்தில் இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு முடிக்கிற விவாகரத்து என்று ஒன்று கிடையாது. கண்டியச் சட்டப்படி பதிவுசெய்த சிங்களத் தம்பதியர் இருவரும் ஒத்துக்கொண்டு மாவட்டப் பதிவாளரிடம் முடித்துக்கொள்ளலாம். அதைப் பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு நமக்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்கு மூன்றே காரணங்கள்: திருமணத்துக்குப் பின் வேறொருவருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த குணமாகாத ஆண்மைக் குறைபாடு. யாராவது ஒருவர் மற்றவர்மீது இவற்றில் ஒன்றைச் சுமத்தி, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டும். ஏழு வருடம், பத்து வருடம் பிரிந்திருந்தால் திருமணம் தானாக அறுந்துவிடும் என்பதும் வெறும் பேச்சு.

ஆகவே நடைமுறையில் "சம்மத டிவோர்ஸ்" என்று சொல்லப்படுவது, ஒருவர் வழக்குப் போட மற்றவர் எதிர்க்காமல் இருப்பதுதான். உங்கள் கணவர் வழக்குப் போட்டால் அதில் என்ன எழுதியிருப்பார்? "என் மனைவி 2021இல் என்னை வேண்டுமென்றே கைவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்" என்று. நீங்கள் எதிர்க்காமல் விட்டால் குடும்பத்தை உடைத்த குற்றம் உங்கள் பெயரில் பதிவாகும். குற்றம் தன் பக்கம் இருக்கும்போது நிரந்தர ஜீவனாம்சம் கேட்பவருக்கு நீதிமன்றத்தில் பலம் குறைந்துவிடும். உண்மையில் அனுப்பப்பட்டவர் நீங்கள். விவாகரத்து உங்களுக்கும் வேண்டும் என்றால் நீங்களே வாதியாக வழக்குப் போடுங்கள். அவர் முந்திக்கொண்டால் விடை அணைத்து (எழுத்தில் பதில் தாக்கல் செய்து) எதிர்க்கோரிக்கை வையுங்கள்: குற்றம் அவருடையது, எனக்கு நிரந்தர ஜீவனாம்சம் வேண்டும், பிள்ளைகளின் பொறுப்பு என்னிடம் இருக்க வேண்டும். வழக்கு நடக்கிற காலத்துச் செலவுக்கும் அங்கே தனி மனுப்போட வழி இருக்கிறது.

லயத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்களில் கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வருகிறது. நீதிமன்ற அழைப்பாணையும் அப்படித்தான் தொலைகிறது. நீங்கள் வராவிட்டால் ஒருதலையாக விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்தால், கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வரமுடியாமல் போனதற்கான காரணத்தைக் காட்டி அதை நீக்கக் கேட்க வேண்டும். விவாகரத்து வழக்கில் முதலில் வரும், இன்னும் இறுதியாகாத தீர்ப்பாணையை டிக்ரீ நைசை என்பார்கள். அது இறுதியாக ஆவதற்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை நீங்கள் இன்னும் அவருடைய மனைவிதான். மூன்று மாதம் இருக்கிறதே என்று 14 நாளைக் கோட்டைவிடாதீர்கள். தோட்ட அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள், கூச்சம் வேண்டாம்.

அடுத்தது 2021இல் எழுதிய கடிதம். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அதைப் பற்றித்தான் கவலை. தோட்டத் தலைவர் முன்போ, சமாதான நீதவான் முன்போ, பொலிஸ் நிலையத்திலோ முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட கடிதம் திருமணத்தைக் கலைக்காது. அதை வைத்துக்கொண்டு அவர் இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட. ஆனால் விவாகரத்துக்கு உதவாத அதே கடிதம் தாபரிப்பைக் கெடுக்க நன்றாக உதவும். தாபரிப்புச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: கணவனும் மனைவியும் இருவர் சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை இல்லை. தலைவர் நல்லெண்ணத்தில் எழுதியிருப்பார், சண்டை அடங்கட்டும் என்று. "நாங்கள் இருவரும் மனம் ஒத்துப் பிரிந்து வாழ முடிவு செய்துள்ளோம், ஒருவர் மேல் ஒருவர் எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்ற மாதிரி வரி எல்லாத் தோட்டத்திலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகிறது. எழுதியவருக்கு அது சமாதான வார்த்தை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது ஆயுதம்.

அந்தக் கடிதத்தின் பிரதியைத் தேடி எடுத்து, உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காமல் கொடுங்கள். "கணவர் மாதம் இவ்வளவு அனுப்புவார்" என்று அதில் இருந்தால் அது உங்களுக்கே சாட்சி. மனம் ஒத்துப் பிரிந்ததாக இருந்தால், உண்மையில் அப்படி இல்லை என்று காட்ட வேண்டும்: அனுப்பிவிட்ட சமயத்தில் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் பிரதி, அடிபட்டு வைத்தியசாலைக்குப் போயிருந்தால் அந்தத் துண்டு, திரும்பி வர முயன்றதைப் பார்த்த அயலவர், தொலைபேசியில் மிச்சமிருக்கும் செய்திகள். 2022இல் கட்டளை கிடைத்தது என்றால் அப்போது இந்த வாதம் எழவில்லை அல்லது எடுபடவில்லை. இப்போது அவர் ரத்துக் கேட்டு வந்தால் எழலாம். புதிதாக எந்தக் காகிதத்திலும் "சம்மதித்துப் பிரிகிறோம்" என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்து வேண்டாம்.

இன்னொரு விலக்கும் உண்டு: தாபரிப்புக் கேட்பவர் தகாத உறவில் வாழ்ந்துகொண்டிருந்தால் கட்டளை இல்லை. "வாழ்ந்துகொண்டிருந்தால்" என்பது முக்கியம். யாரோடோ பேசினார், பஸ்சில் ஒன்றாகப் போனார் என்ற லயத்துக் கதைகளோ, எப்போதோ நடந்த ஒரு சம்பவமோ அதற்குப் போதாது. தொடர்ச்சியான உறவை நிரூபிக்க வேண்டியவர் அவர். இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் பதில் சொல்ல நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். செய்தியாக வந்தால் அழிக்காமல் வையுங்கள்.

வேலைக்குப் போவது பற்றி. கொழுந்தெடுக்கப் போவதால் மட்டும் தாபரிப்பு அறுந்துபோகாது. நீதவான் பார்ப்பது அவருடைய வருமானத்தையும் உங்கள் வசதியையும் சூழ்நிலையையும். உங்கள் வருமானம் உங்களைத் தாபரிக்கப் போதுமா என்பதே கேள்வி. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம், பின்னர் கூடியதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் 18 பேர் (18 நாள் வேலை) விழுந்தால் 24,300 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 1,944 ரூபாய் போனால் 22,356. அதிலே சந்தா, முற்பணம், கடைக் கடன் எல்லாம் போய்க் கையில் மிஞ்சுவது உங்களுக்குத்தான் தெரியும். மூன்று உயிர் சாப்பிட்டு, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அது போதும் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் சம்பளத் துண்டைக் கொண்டுபோகும் விதத்தில் தவறு நடக்கிறது. ஹட்டன், டிக்கோயா பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சியில் கொழுந்து குறையும், பேரும் குறையும். மழை விழுந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும், மேலதிகக் கிலோவுக்கும் காசு வரும். எதிர்த்தரப்பு மே மாதத் துண்டைக் காட்டி "இவர் இவ்வளவு சம்பாதிக்கிறார்" என்பார்கள். நீங்கள் பன்னிரண்டு மாதத் துண்டையும் வரிசையாக வைத்திருங்கள். தொலைத்திருந்தால் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) விபரத்தைக் கேளுங்கள். வேலைக்குப் போவதை மறைக்க மட்டும் வேண்டாம். சாட்சிக் கூண்டில் ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அவருடைய வருமானமும் அப்படித்தான். ஹோட்டல் வேலையில் அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும் சேவைக் கட்டணப் பங்கும் டிப்சும் பெரியதாகவும் இருக்கும். அவர் அடிப்படைச் சம்பளக் கடிதத்தை மட்டும் நீட்டுவார். சேவைக் கட்டணம் உட்பட முழுச் சம்பள விபரத்தையும் தொழில் வழங்குநரிடமிருந்து நீதிமன்றம் மூலமாக அழைப்பிக்கும்படி உங்கள் சட்டத்தரணி கேட்கட்டும். அதற்கு ஹோட்டலின் சரியான பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்க வேண்டும். "கொழும்பில் ஏதோ ஹோட்டல்" என்றால் அழைப்பாணை எங்கே போகும்?

நிலைமை மாறினால் கட்டளையை மாற்றலாம் என்ற கதவு இரண்டு பக்கமும் திறக்கும். 2022இல் 6,000 ரூபாய்க்கு வாங்கிய பொருளை இன்று அந்தக் காசுக்கு வாங்க முடியாது. மகள் மேல் வகுப்புக்குப் போகிறாள், ரியூசன், பஸ் காசு, சப்பாத்து எல்லாம் கூடியிருக்கும். அவர் குறைக்கக் கேட்டு வரும் வரை காத்திராமல் நீங்களே கூட்டக் கேட்கலாம். என் கருத்தில், நிலுவைக்காக நீதிமன்றம் போகும்போதே இதையும் சேர்த்துப் போடுவது நல்லது. ஒரே நாட்கூலி இழப்பில் இரண்டு வேலை.

பிள்ளைகளின் பணம் முற்றிலும் வேறு கணக்கு. அது உங்கள் திருமணத்தில் தொங்கவில்லை. விவாகரத்தானாலும், நீங்கள் மறுமணம் செய்தாலும், உங்கள்மேல் என்ன பழி சுமத்தினாலும் அது தொடரும். 18 வயது வரை பிள்ளை என்ற கணக்கில். 18இலிருந்து 25 வரை தன்னைத் தானே தாபரிக்க முடியாத நிலையில் இருந்தால், உதாரணமாக உயர்தரம், பல்கலைக்கழகம், தொழிற்பயிற்சி என்று படித்துக்கொண்டிருந்தால், வளர்ந்த பிள்ளை என்ற கணக்கில் கேட்கலாம். உடலாலோ மனதாலோ மாற்றுத்திறனாளியாக இருந்து தன்னைத் தாபரிக்க முடியாத பிள்ளைக்கு வயது எல்லையே இல்லை. மகளுக்கு 18 ஆகும்போது "நின்றுவிட்டது" என்று சும்மா இருந்துவிடாமல், படிக்கிறாள் என்ற பாடசாலைக் கடிதத்தோடு நீதிமன்றம் போங்கள்.

இதை வைத்து அந்த மூன்று இலட்சத்தை எடைபோடுங்கள். மகளுக்கு 18 ஆக ஆறு வருடம், 72 மாதம், மாதம் 6,000 என்றால் 4 இலட்சத்து 32 ஆயிரம். மகனுக்குப் பதினொரு வருடம், 132 மாதம், 7 இலட்சத்து 92 ஆயிரம். பிள்ளைகளுக்கு மட்டும், கட்டளை ஒரு சதமும் கூடாமல், 12 இலட்சத்து 24 ஆயிரம். உங்களுக்குரியதை இன்னும் தொடவே இல்லை. மாதம் 8,000 என்றால் மூன்று இலட்சம் என்பது மூன்று வருடத்தை ஒட்டிய காசு. அதிலும் ஏற்கெனவே 80,000 நிலுவை. அதைக் கழித்தால் அவர் புதிதாகத் தருவது 2 இலட்சத்து 20 ஆயிரம்தான்.

மொத்தத் தொகையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் வெளிநாடு போகப் போகிறார், மாதக் காசு வரவே வராது என்ற நிலையில் கையில் வரும் மொத்தம் மேல். மத்திய கிழக்கில் வேலை செய்பவரின் சம்பளத்தில் இங்குள்ள நீதிமன்றம் கைவைப்பது நடைமுறையில் மிகக் கடினம். ஆனால் வாங்குவதென்றால் மூன்று நிபந்தனை: அது உங்களுக்கான ஜீவனாம்சம் மட்டும், பிள்ளைகளின் மாதப் பணம் அப்படியே தொடரும் என்று எழுத வேண்டும், தீர்ப்பாணையில் அந்தத் தொகை பதிவாக வேண்டும், பணம் நீதிமன்றத்தில் அல்லது உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் கட்டப்பட வேண்டும். "பிள்ளைகளுக்கும் இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளைகளின் உரிமையைப் பறிக்காது, ஏனென்றால் அது நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய பொருளல்ல. இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வாதாடுவது தேவையில்லாத வலி.

விவாகரத்துச் செய்யாமல் இருப்பதிலும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் நீங்கள் சட்டப்படி மனைவி. உயில் எழுதாமல் அவர் இறந்தால் பொதுச் சட்டத்தின்படி அவர் சொத்தில் பாதி உங்களுக்கு, மீதி பிள்ளைகளுக்கு. விவாகரத்தானால் அந்தப் பாதி போய்விடும். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம், அதைப் பிரிக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால் ஊரில் காணியோ வங்கியில் காசோ இருந்தால் யோசிக்க வேண்டிய விடயம். பணம் கொடுப்பவர் இறந்தால் தாபரிப்புக் கட்டளையும் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது நிலுவை. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது, பெரிய தொகையாகச் சேர விட்டால் "என்னால் ஒரேயடியாகக் கட்ட முடியாது, தவணை தாருங்கள்" என்ற பேச்சுத் தொடங்கும். கட்டளை கொடுத்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லி, எந்தெந்த மாதம் கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். அவருக்கு அறிவித்தல் போகும், வராவிட்டால் பிடியாணை. காரணமில்லாமல் கட்டாதிருந்தால் தண்டப் பணம் அறவிடுவது போல நிலுவையை அறவிடலாம். செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆளைச் சிறையில் போடுவது உங்களுக்குச் சோறு போடாது என்பது வேறு விடயம். ஆகவே அதைவிடப் பயனுள்ளதைக் கேளுங்கள்: தொழில் வழங்குநரே அவர் சம்பளத்திலிருந்து கழித்து அனுப்பும்படி கட்டளை. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இது நன்றாக வேலை செய்யும். தோட்டத்தில் வேலை செய்யும் கணவர்மாருக்கும் அப்படித்தான், தோட்ட நிர்வாகத்துக்கே கட்டளை போகும். நாளுக்கு நாள் இடம் மாறுகிற கூலி வேலைக்காரரிடம் இது பலிக்காது.

காசு வரும் வழியையும் சரிசெய்யுங்கள். மாமனார் கையில், மச்சான் கையில் கொடுத்தனுப்பும் காசுக்குச் சாட்சி இல்லை. கொடுத்தேன் என்று அவரும் இல்லை என்று நீங்களும் நிற்க வேண்டிவரும். உங்கள் பெயரில் கணக்கு, அதற்கு மட்டுமே வரவு. புத்தகத்தை மாதாமாதம் அச்சிட்டு வையுங்கள்.

கடிதத்தில் சொல்லாவிட்டாலும் ஒன்று கேட்டு வைக்கிறேன். அவர் வந்து மிரட்டுகிறாரா, அடிக்கிறாரா? அப்படியானால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை நிற்கும், அவசரப் பண உதவி கொடுக்கச் சொல்லவும் நீதவானால் முடியும். பொலிஸ் நிலையத்துச் சிறுவர் பெண்கள் பணியகத்தில் போய்ச் சொல்லலாம். போக முடியாத நேரத்தில் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

இதை வாசிக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: மேலே சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி உங்கள் வழக்கு காதி நீதிமன்றத்துக்குப் போகும். விவாகரத்துக்குப் பின் மனைவிக்கான தாபரிப்பு இத்தாக் காலத்தோடு (விவாகரத்துக்குப் பின் காத்திருக்கும் காலம்) நிற்கும், பிள்ளைத் தாபரிப்பு தனியாகத் தொடரும்.

செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்து தரும். வருமானத்தைக் காட்டக் கிராம உத்தியோகத்தரின் சான்று கேட்பார்கள். அதோடு திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், 2022 கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, வங்கிப் புத்தகம், சம்பளத் துண்டுகள், அந்தத் தலைவர் கடிதம், அவர் மூன்று இலட்சம் தருவதாக அனுப்பிய செய்திகள் இருந்தால் அவற்றின் படப்பிரதி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதமாகவும் திருமணச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருப்பது தோட்டப்புறத்தில் சர்வசாதாரணம். எழுத்து வித்தியாசம் இருந்தால் முன்கூட்டியே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், விசாரணை நாளில் கண்டுபிடித்தால் வழக்கு வேறொரு நாளுக்குத் தள்ளிப்போய்விடும்.

கடைசியாக மொழி. மலையக நீதிமன்றங்களில் பதிவுகள் சிங்களத்தில் நடக்கும். ஆனால் நீங்கள் தமிழில் பேசவும், நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ள அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நீதிமன்ற வராந்தாவில் அவசர அவசரமாகச் சமரசம் பேசிச் சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினால், "இதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்" என்று நீதவானிடமே கேளுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் திகதியிலிருந்து, பிள்ளைகளின் தொகை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, இருவர் சம்மதத்தோடு பிரிகிறோம் என்ற சொல் எங்கேயாவது நுழைந்திருக்கிறதா என்று காதால் கேட்ட பிறகு பேனாவை எடுங்கள்.